புதியவர்கள் கை தூக்கலாம்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, என் வகுப்பில் பிறந்தது. பிளாஸ்டிக் பொருள்களை வார்க்கும் இரும்பு அச்சுகளைக் கணினியில் வரைய ஒரு மென்பொருள் உண்டு. தைவானின் தைச்சுங் நகரில் சனிக்கிழமைதோறும் அதைக் கற்றுத்தருகிறேன். முதல் நாள் எப்போதும் ஒரே கேள்வி: "இதத் தொட்டே பார்க்காதவங்க கை தூக்குங்க." கூச்சம் போவதற்காக. நேற்று ஒருவர் மட்டும் தூக்கவில்லை.

2

(கதையை நிறுத்தி ஒன்றை விளக்குகிறேன், விளக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தகட்டின் நடுவில் துளை வரைவது ஒன்று. "எப்போதும் நடுவில்தான் இரு" என்று துளைக்குக் கட்டுப்பாடு விதிப்பது வேறொன்று. விதித்தால், தகட்டை நீட்டும்போது துளை தானே நடுவுக்கு நகரும். விதிக்காவிட்டால் தகடு நீண்டுவிடும், துளை அங்கேயே நிற்கும். திரையில் பார்க்க இரண்டும் ஒன்றுதான். காணொளி பார்த்துத் தானே கற்பவர் முதலாவதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார். இரண்டாவது என்று ஒன்று இருப்பதே தெரியாதபோது எதைத் தேடுவார்?)

3

அவர் பெயர் வான்-ரு (மாற்றியிருக்கிறேன்). முதல் வரைவில் அவருக்கு இருபத்தைந்து வயது. கதை நிற்கவில்லை, அந்த வயதில் தெரியாதது ஒரு அவமானமா? உண்மை வயதான நாற்பத்து மூன்றையே திருப்பி வைத்தேன். பல வருடமாக அச்சு வரைபவர். பட்டறையில் 'கைவேகக்காரி' என்று பெயர். கல்லூரியில் முறையாகப் படித்த இருவருக்குத் திங்கள் முதல் அவர்தான் பயிற்சி தர வேண்டும், முதலாளி சொல்லிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனாலும் இங்கேயே வைக்கிறேன். தெரியாது என்று எனக்கிருந்த சாக்கு உங்களுக்குக் கிடைக்கக் கூடாது.

4

"ஏற்கெனவே பழக்கமா அக்கா?"

"கொஞ்சம், சார்."

பின்வரிசையில் ஒருவர், சாருக்கே பாடம் எடுக்க வந்திருக்காங்க என்றார். சிரிப்பு. நானும் சிரித்தேன். மரியாதை செய்வதாக நினைத்து அவரைத் திரைக்கு முன்னால் அழைத்தேன். ஒரு புட்டி மூடிக்கான அச்சை அவர் விரல்கள் வரைந்த வேகம்... [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தகுதியில்லை.] கைதட்டினார்கள். அடுத்து, வழக்கமான பாடம்தானே என்று, ஓர் அளவை மட்டும் மாற்றினேன்.

திரை முழுக்கச் சிவப்புப் பிழைக்குறிகள். மூடி ஓரிடம், துளைகள் ஓரிடம்.

"எப்பவும் இப்படித்தான் ஆகும் சார்," என்றார், எனக்கு உதவுவதுபோல. "வீட்டுல மொத்தத்தையும் திரும்ப வரைஞ்சுக்குவேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இடைவேளையில் தேநீர் வரவழைத்தார்கள். சர்க்கரை எவ்வளவு என்று எல்லாரிடமும் சத்தமாகக் கேட்டவர்கள், அவரிடம் மட்டும் நோயாளியிடம் பேசுவதுபோல் கேட்டார்கள்.

5

மாற்று முடிவுகள். அவர் சிரித்துக் கடந்துவிட்டார் (பொய்). நான் மன்னிப்புக் கேட்டேன் (அதைவிடப் பெரிய பொய், கட்டுப்பாடுகளைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினேன், உற்சாகமாக).

இன்று ஞாயிறு. சற்று முன் அவரிடமிருந்து செய்தி: "சார், நாளைக்கு அந்தப் பிள்ளைங்ககிட்ட எனக்கும் இது தெரியாதுன்னு சொல்லிடவா? இல்ல இன்னிக்கே படிச்சு, தெரிஞ்ச மாதிரி நிக்கவா?"

சொல்லிவிடுங்கள் என்று எழுதினேன். அழித்தேன். கூட்டத்துக்கு முன்னால் தெரியாமல் நின்று பார்த்தவனா நான்? மறைத்துவிடுங்கள் என்று எழுத—

செய்தியை நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். காத்திருக்கிறார். நீங்கள் என்ன எழுதுவீர்கள்? கொஞ்சம் சீக்கிரம்.