தானாகக் குளிரும் பை

...வெப்பத்தை வெளியே தள்ளுகிற வேதிவினை தானாக நடக்கும், சரி, அதை எந்த மக்குப் பிள்ளையும் ஒத்துக்கொள்ளும், ஆனால் சுற்றியிருக்கிற சூட்டை வாங்கிக்கொண்டு நடக்கிற வினையும் தானாகவே நடக்கிறதே, அது எப்படி டீச்சர் என்று வருஷம் தவறாமல் யாராவது எழுந்து நிற்பார்கள், கட்டிலா ஆற்றல் சமன்பாட்டைப் பலகையில் எழுதிப்போட்டுத் தப்பித்துவிடுவாள் வேதியியல் டீச்சர், இப்போது அந்தக் கேள்வியே சில்லென்று அவள் முழங்காலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூடப் படியில் வழுக்கி வீங்கிய முழங்கால். மருந்துக்கடையில் மருமகள் வாங்கிவந்த பை, உள்ளே தண்ணீர், அதற்குள் சின்ன உறையில் உப்பு, ஒரு குத்து விட்டதும் உறை கிழிந்து, உப்பு கரைந்து, ஃபிரிட்ஜ் கிரிட்ஜ் ஒன்றும் இல்லாமல் ஐஸாய்க் குளிர்ந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் மருமகள்... இவளை வேண்டாம் என்று கல்யாணத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவள்தானே நான்? விழுந்த நாளிலிருந்து குளிப்பாட்டுவதும் கழிப்பறைக்குத் தாங்கிப் போவதும் இவள்தான், ஒருநாள் முகம் சுளித்ததில்லை, நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

காலையில் மகன் காதில் போட்டுவிட்டுப் போனான், வேறு ஊரில் அவளுக்கு நல்ல வேலை வந்திருக்கிறதாம், அம்மாவின் முழங்காலை நினைத்துத்தான் பதில் சொல்லாமல் இருக்கிறாளாம், நீயே பேசிவிடு என்றான். பேசினால் போய்விடுவாள், பேசாவிட்டால் இருப்பாள், கொஞ்சம் முனகினாலே போதும், வலிக்கவும் செய்கிறது, பொய்கூட இல்லை... சீ, என்ன புத்தி இது. உப்பு ஏன் கரைகிறது? நெருக்கியடித்துக் கிடந்த துகளுக்குத் தண்ணீரில் பரவ இடம் கிடைக்கிறது, என்ட்ரோபி என்கிற சிதறல் கூடுகிறது, அந்த லாபம் பெரிதாக இருப்பதால் சூட்டுக் கணக்கு எடுபடாமல் போகிறது. இவளுக்கு இந்த வீட்டில் என்ன இடம் கிடைத்தது, அலமாரியில் ஒரு தட்டும் சமையலறையில் என் நொட்டைச் சொல்லும், பிறகு எதை வாங்கிக்கொண்டு இத்தனையும் செய்கிறாள்? தெரியவில்லை, தெரியாவிட்டால் போகிறது, கேட்காமல் கிடைத்ததைப் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. தொண்டையைச் செருமிக்கொண்டாள், வரம் கொடுக்கப் போகிற மிடுக்கு வேறு வந்துவிட்டது.

"அந்த வேலைக்குப் போம்மா. என் காலை நான் பாத்துக்கறேன்."

மருமகள் நிமிர்ந்தாள். "நேத்தே சரின்னு சொல்லிட்டேன் அத்தை, அவருக்கே இன்னும் தெரியாது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

நேற்றேவா... அப்படியானால் வரமாவது மண்ணாவது, சிரிப்பு வந்துவிட்டது டீச்சருக்கு, கூடவே கண்ணும் கலங்கியது, போவது என்று முடிவாகிவிட்ட பிறகும், இனி மாமியார் தயவு ஒன்றுக்கும் வேண்டாம் என்று ஆன பிறகும், இன்று காலை வெந்நீர் விளாவி ஊற்றினாளே, இதோ இப்போது தரையில் உட்கார்ந்திருக்கிறாளே... ரொம்ப நன்றிம்மா என்றாள். எதுக்கு அத்தை என்று கேட்டாள் மருமகள். பையைப் பிடித்துச் சில்லிட்டுப்போயிருந்த அந்தக் கைகளைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள் டீச்சர்.