நாலரைக்கு முன் ஒரு முத்திரை

கடிதம் வழவழவென்று பேசவில்லை. தினமும் எட்டு மணி நேரம் வரும் அரசு உதவியாள், பதினைந்தாம் தேதி முதல் மூன்று மணி நேரம் மட்டுமே வருவாள் என்றது. ட்வைலா ஸ்டிடமுக்குக் கழுத்துக்குக் கீழே வலது கை மட்டும்தான் அசையும். மூன்று மணி நேரத்தில் அவளைக் கட்டிலிலிருந்து இறக்கி, குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைக்கலாம். திரும்பப் படுக்க வைக்க ஆள் இருக்காது.

பத்து நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதில் ஆறு நாளை மலைப்பாதைத் தபால் தின்றுவிட்டது. மூன்று நாளை, நாற்காலியை ஏற்றும் வேனுக்காகக் காத்திருந்தது தின்றது. ஆனாலும் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பதினைந்துக்கு முன் விசாரணை கேட்டு மனு கொடுத்தால், தீர்ப்பு வரும்வரை எட்டு மணி நேரம் குறையாது.

இன்று பதினான்கு. மணி நாலு இருபது.

நாலரைக்குக் கவுண்டர் மூடிவிடும், மனுவை வெளியே இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள் என்று, கடிதம் அனுப்பிய அலுவலகத்தின் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த கென்னி இதமாகவே சொன்னான். உதவியாள் மார்லீன் தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தாள். அலுவலகம் என்றாலே அவளுக்கு வியர்க்கும்.

"நில்லு, கண்ணு," என்றாள் ட்வைலா. அந்தப் பெட்டியை நாளைக் காலையில்தான் திறப்பார்கள். திறந்த நாளின் தேதியைத்தான் குத்துவார்கள். பக்கத்து வீட்டுச் சுரங்கத் தொழிலாளி தன் மருத்துவ அட்டையை அப்படித்தான் போன குளிர்காலத்தில் பறிகொடுத்தார்.

"கென்னி, நான் ஓட்டின ஸ்கூல் பஸ்ல கடைசி சீட்டுக்கு அடியில ஒளிஞ்சுக்குவியே, அந்தப் பையன்தானே நீ? இன்னும் ஒளிஞ்சுக்கிட்டுதான் இருக்க."

அவன் காது சிவந்தது. முத்திரைப் பெட்டியைப் பூட்டியாகிவிட்டது, சாவி மேலதிகாரியிடம் என்றான். ட்வைலா நாற்காலியை வாசல்வரை ஓட்டி, பாதி உள்ளே பாதி வெளியே நிறுத்தினாள். கதவு மூடவில்லை. ஜனவரிக் காற்று புகுந்து மேசைப் படிவங்களைக் கலைத்தது.

மேலதிகாரி அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டே வந்தாள். "மேடம், கதவைப் பூட்டணும்."

"பூட்டுங்க. நான் எங்கயும் போகல. என்னைத் தூக்கிப் படுக்க வைக்க நாளைக்கு ஆளில்லன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு இருபத்தாறு. சாவியை எடுத்தாள். கென்னி மனுவில் முத்திரையைக் குத்தினான்.

"என் நகலிலயும்."

ஒன்று போதும் என்றாள் அந்த அம்மாள்.

"உங்களோடது தொலைஞ்சு போகும் மேடம். என்னோடது தொலையாது."

நகலில் மை மங்கலாக விழுந்தது. ட்வைலா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி குத்தச் சொன்னாள். இந்த முறை பதினான்கு பளிச்சென்று தெரிந்தது.

விசாரணையில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. நாற்காலியை வாசலிலிருந்து எடுத்தாள்.

"காலையில ஏழு மணிக்கு வந்துடு, மார்லீன். எட்டு மணி நேரமும் இருக்கணும். சாப்பாடு கட்டிக்கிட்டு வா."