தம்பி இறங்கினால் தோல்வியில்லை

அக்காவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கால்பந்து அணியின் அலுவலகத்தில் புள்ளிவிவரம் அலசுவது அவள் வேலை. அதே அணியில் பின்வரிசையில் தடுத்தாடுகிறவன் அவளுடைய தம்பி. கோல் போடும் முன்கள ஆட்டக்காரனை வைத்துக்கொள்வதா, தம்பியை வைத்துக்கொள்வதா என்று புதிதாக வந்த பயிற்சியாளர் கேட்டிருந்தார். ஒருவருக்குத்தான் இடம்.

கணக்கு தெளிவாகத்தான் வந்தது. கோல் போட்டால் கைதட்டல் கிடைக்கும், கோல் விடாமலிருந்தால்தான் புள்ளி கிடைக்கும். அதிலும் தம்பி களத்தில் இறங்கிய ஆட்டம் ஒன்றில்கூட அணி தோற்கவில்லை. சொந்தத் தம்பிக்குச் சலுகை என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் இதில் போய் முட்டிக்கொள்ளட்டும் என்று அறிக்கையைத் தம்பியிடமும் காட்டிவிட்டு அனுப்பிவிட்டாள். பயிற்சியாளருக்கு வாயெல்லாம் பல். "கணக்குப்புலி சொன்னா அப்பீலே இல்ல" என்றார்.

அதற்கப்புறம்தான் மண்டைக்குள் ஏதோ குடைந்தது. தம்பி எப்போது இறங்கினான் என்று அவள் பார்க்கவேயில்லை. இப்போது பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், அணி முன்னிலையில் இருக்கும்போது, அதைக் காப்பாற்ற மாற்று ஆளாக இறங்கியிருக்கிறான். அவன் இறங்கியதால் அணி ஜெயிக்கவில்லை, அணி ஜெயித்துக்கொண்டிருந்ததால் அவனை இறக்கியிருக்கிறார்கள். கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு. அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

தாழ்வாரத்தில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தாள். சொன்னால் தம்பி பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத முன்கள ஆட்டக்காரன் தெருவில் நிற்பான். கடைசியில் உடைமாற்றும் அறைக்குப் போனாள். தம்பி பூட்ஸில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"டேய், அந்தக் கணக்கு தப்புடா. நாம முந்திட்டு இருந்தப்பதான் உன்னை இறக்கியிருக்காங்க. கோச்கிட்ட சொல்லப்போறேன்."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"பெஞ்ச்ல உக்காந்திருக்கறவனுக்கு, எப்பக் கூப்பிடுவாங்கன்னு தெரியாதா?"

"அறிக்கையை உன்கிட்ட காட்டினேனே! அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவன் தலை நிமிரவில்லை.

"நான் நல்லா ஆடறேன்னு நம்ம வீட்ல யாருமே சொன்னதில்லக்கா. நீதான் முதல்ல சொன்ன. அதுவும் கணக்குப் போட்டு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே போய்ப் பயிற்சியாளரின் கதவைத் தட்டினாள்.