சாக்கெட்டில் சந்தனம்

அர்த்தநாரி ஓனருடைய பனியன் கம்பெனியில், ஷிப்பிங் அறை மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோதுதான் லேப்டாப்பில் அந்த எண்ணைப் பார்த்தேன். ஃபைலைத் துண்டு துண்டாக்கி ஒயரில் அனுப்பும் டேட்டா பாக்கெட் பத்தாயிரத்தில் ஆயிரத்து நூறு உடைந்திருந்தன.

நெட் என்பது அடுக்கடுக்கான வேலை. ஃபைலை அனுப்ப ஓர் அடுக்கு, போய்ச் சேராததைத் திரும்ப அனுப்ப ஓர் அடுக்கு, வழி பார்க்க ஒன்று, எல்லாவற்றுக்கும் கீழே வெறும் ஒயர். ஒவ்வொன்றும் தன் தவறுகளை எண்ணி வைத்திருக்கும். கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வரவேண்டும். பன்னிரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. போன மாதம் இதே அறைக்கு வந்தபோது மட்டும் செய்யவில்லை.

அப்போது இந்த நாற்காலியில் ஜெயசுதா இருந்தாள். பெரிய ஃபைல்கள் பாதியில் நின்று, பேக்கிங் லிஸ்ட் போகாமல், ஒரு கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டிருந்தது. "ஒயர்ல பாருங்ணா" என்று இரண்டு தடவை சொன்னாள். எனக்கு அவினாசியில் இன்னொரு வேலை. அவள் கம்ப்யூட்டருக்கு வரும் ஒயரைத் தொடாமல், போனில் வைஃபையைப் போட்டு வேகம் பார்த்தேன், பறந்தது. நெட் நன்றாக இருக்கிறது என்று ஓனரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்படியென்றால் கோளாறு ஆளிடம்தானே? அன்று மாலையே அவளை நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் எனக்குப் போன் செய்தாள். எங்கே வேலை கேட்டாலும் இங்கே கூப்பிட்டு விசாரிக்கிறார்களாம். வேலை செய்யாமல் பொய் சொல்கிற பெண் என்று பதில் போகிறதாம். இப்போது அவள் நாற்காலியில் தரணி. அதே ஃபைல், அதே பாதியில் நிற்கிறது.

சுவரிலிருந்து நெட் ஒயரைச் செருகும் சாக்கெட்டைக் கழற்றினேன். உள்ளே சந்தனம் காய்ந்து, கம்பிகள் பச்சை பூத்திருந்தன. ஆயுத பூஜையன்று தையல் மெஷினில் ஆரம்பித்துக் கத்தரி, தராசு, கம்ப்யூட்டர் வரை ஓனரே தன் கையால் தாராளமாகச் சந்தனம் வைப்பார். பனியனில் ஓட்டை இருந்தால் முதல் திட்டு செக்கிங் பெண்ணுக்குத்தான். துணியில் ஓட்டை போட்ட நிட்டிங் ஊசியை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஜெயசுதா மேல தப்பில்லீங்க. கேக்கறவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க."

அவர் சாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார்.

"வேல்குமாரு, நெட்டு நல்லாருக்குதுன்னு சொன்னது நீங்கதானுங்களே. அன்னிக்கொண்ணு, இன்னிக்கொண்ணுன்னா அடுத்த வருசம் காண்ட்ராக்ட எப்படிங்க உங்ககிட்டக் குடுக்கறது? சாக்கெட்டு பழசுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

மரியாதை ஒரு 'ங்க'கூடக் குறையவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கோபத்தில் பாதி எனக்குச் சேரவேண்டியது என்பதும் தெரிந்திருந்தது. பேனாவை எடுத்தேன். பழைய சாக்கெட் மாற்றப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

புதியதை மாட்டியதும் தரணியின் ஃபைல் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தது. "போயிருச்சுங்ணா!" என்றாள். ஓனர் சாமி படத்துக்கு முன்னாலிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தார். புதுப் பொருளாயிற்றே. குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சாக்கெட்டின் ஓட்டையில் துளியும் படாமல், மேல் ஓரத்தில், மிகச் சிறியதாக ஒரு பொட்டு வைத்தார்.