புறப்படும் முன்பே திரும்பிய விமானம்

1935 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இன்ஜினியர் எவாசியோ பெர்த்தோலா வடிவமைத்த குண்டுவீச்சு விமானம், புறப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே திரும்பி வந்து காஸ்தெல்மோரோ மைதானத்தில் இறங்கியது. நெல்வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். அந்தக் கால் மணி நேரமும் ஒரே விமானம் இரண்டாக மைதானத்தில் நின்றது. போகவேண்டியது போனதும் கணக்கு நேராகிவிட்டது. ரோமிலிருந்து வந்த அதிகாரிகள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். உலகத்தில் எந்தச் சண்டை விமானமும் இதைத் துரத்திப் பிடிக்காது, பிடிக்கவே முடியாதவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று அங்கேயே நின்று முடிவு கட்டினார்கள். அன்று பறந்த விமானத்தில் குண்டு இல்லை, ரேடியோ இல்லை, பெட்ரோல் பாதிதான், விமானியும் நோஞ்சான். இதெல்லாம் எவாசியோவுக்குத் தெரியும், அதிகாரிகளுக்கும் தெரியும். ஆனால் கைதட்டல் விழுகிற இடத்தில் யார் வாயைத் திறப்பார்கள்? ஒரே மூச்சில் இருநூறு விமானங்களுக்கு உத்தரவு வந்தது.

பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். குண்டு மாட்டும் சட்டம் வந்தது, ரேடியோ வந்தது, மூன்றாவது ஆள் வந்தான், பேருக்கு ஒரு துப்பாக்கியும் வந்தது. ஏற ஏற, விமானம் முந்திவரும் நேரம் குறைந்துகொண்டே போனது. ஸ்பெயின் சண்டைக்குப் போனபோது கிளம்புவதற்கு ஒரு சிகரெட் பிடிக்கும் நேரத்துக்கு முன்னால்தான் திரும்பியது. அதுவே போதுமானதாக இருந்தது. போகிறவன், திரும்பிவந்து நிற்கும் தன்னையே பார்ப்பான். வந்தவன் பாதி சிகரெட்டை அவனிடம் நீட்டுவான். அங்கே என்ன நடந்தது என்று இவன் கேட்கமாட்டான், அவனும் சொல்லமாட்டான். படையில் அதுதான் வழக்கம். தன் விமானம் முன்கூட்டி வந்து சேரவில்லை என்றால் விமானிக்கு வயிற்றுவலி வந்துவிடும். கர்னல் விதாலே அவனை ஒரு வார்த்தை கேட்காமல் படுக்க அனுப்பிவிடுவார். அதனால் இரண்டு வருடத்தில் ஒரு விமானம்கூட விழவில்லை. வயிற்றுவலியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதவில்லை. எவாசியோவுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள், அவர் மனைவி செலஸ்தினா அதைப் பாத்திர அலமாரியில் போட்டுவைத்தாள்.

அந்த விமானத்தை ஓட்டத்தான் அவர்களுடைய ஒரே மகன் தல்மாசோ படையில் சேர்ந்தான். அப்பா செய்த வண்டி, பெருமை தாங்கவில்லை. பெற்றவருக்குத்தான் தூக்கம் போனது. மற்ற நாடுகளில் இதைவிட வேகமான சண்டை விமானங்கள் வந்துவிட்ட சேதி அவருக்கு நன்றாகத் தெரியும். புது இயந்திரம் கேட்டு ரோமுக்குப் போனார். பழைய சாதனையைச் சொல்லி, ஒயின் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ்மீது போர் அறிவித்தபோது, மகனின் படை அதே காஸ்தெல்மோரோ மைதானத்துக்கு வந்து இறங்கியது. எவாசியோ யாரையும் கேட்கவில்லை. விரல் தடிமனில் ஓர் இரும்புத் தகட்டை வெட்டி, மகனின் இருக்கைக்குப் பின்னால் தன் கையாலேயே முடுக்கினார். சண்டை விமானம் எப்போதும் பின்னாலிருந்துதான் சுடும் என்று அவர் படித்த புத்தகமெல்லாம் சொல்லியிருந்தது.

மறுநாள் காலை எட்டு விமானங்கள் கிளம்பத் தயாராயின. ஏழு ஏற்கெனவே திரும்பிவந்து ஓரமாக நின்றன. தல்மாசோவுடையது வரவில்லை. மற்றவர்கள் பாதி சிகரெட்டை வாங்கிக்கொள்ள, அவன் மட்டும் வெறுங்கையோடு வேலியோரம் நின்றான். கர்னல் விதாலே அருகில் வந்து, "என்னப்பா, வயித்த வலிக்குதா?" என்று கேட்டார். இப்படிக் கேட்பதற்கு நல்ல மனசு வேண்டும், அது அவருக்கு இருந்தது.

தல்மாசோ அப்பாவைப் பார்த்தான்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல, கர்னல்," என்றார் எவாசியோ. "நான்தான் சீட்டுக்குப் பின்னாடி தகடு போட்டிருக்கேன். அந்த வெயிட்டால, கிளம்புறதுக்கு முன்னாடி வராது. நான் போட்ட கணக்கு தப்பாது. அஞ்சு நிமிஷம் லேட்டா வருவான், அவ்வளவுதான்."

"நெஜமாவாப்பா?"

"கிளம்புடா. உங்கம்மா மதியத்துக்கு முயல்கறி வெக்கிறா."

மகன் சிரித்துக்கொண்டே ஏறினான். அப்பன் வாக்கு, வேறென்ன வேண்டும். அவனுக்கு வயது இருபத்திரண்டு.

ஐந்து நிமிடம் போனது. மதியம் போனது, அந்தப் போரும் போனது. கர்னல் சாவுச் செய்தியோடு வந்தபோது செலஸ்தினா அவரை வாசலோடு நிறுத்தினாள். "அவர்தான் லேட்டா வரும்னு சொல்லியிருக்காரே, நீங்க எதுக்கு அவசரப்படுறீங்க?" என்றாள். துக்கத்துக்குக் கறுப்பு உடுத்த மறுத்தாள். எவாசியோ வேலையை விட்டார். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டார். ஒவ்வொரு முறையும் அதே ஐந்து நிமிடம்தான் வந்தது. அவள் ஒரு நாளும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். மீதி விமானங்களை ஆப்பிரிக்காவில் மணலில் நிறுத்திவைத்து, எதிரி சுடட்டும் என்று பொம்மையாகப் பயன்படுத்தினார்கள். ராஜா போனார், குடியரசு வந்தது, மைதானத்தை உழுது நெல் போட்டார்கள்.

1951 செப்டம்பரில், அறுப்புக்கு இரண்டு நாள் முன்பு, தல்மாசோவின் விமானம் நெற்கதிர்மேல் இறங்கியது. ஒரு இன்ஜின் இல்லை, இன்னொன்று இருமிக்கொண்டிருந்தது; அவ்வளவு மெதுவாக வந்தால் பதினொரு வருடம் ஆகத்தான் செய்யும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வயல்காரர் கதிர் நாசமானதற்கு முணுமுணுத்தார், பிறகு தொப்பியைக் கழற்றினார். எவாசியோ ஏறிப் பார்த்தார். மற்ற இருவரும் தத்தம் இடத்தில் சாய்ந்து இறந்துகிடந்தார்கள். தல்மாசோவின் உடம்பில் சூடு இன்னும் ஆறவில்லை. முன்கண்ணாடி முழுக்க ஓட்டை. தகட்டில் ஒரு கீறல் இல்லை.

செலஸ்தினா ஏணியில் நின்று மகனின் முதுகைக் கழுத்திலிருந்து இடுப்புவரை தடவிப் பார்த்தாள்.

"முதுகுல ஒண்ணும் படலைங்க," என்றாள்.

எவாசியோ தலையசைத்தார். வயல்காரர் பையனின் தோளைப் பிடிக்க, அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார், இருவருமாக இறக்கினார்கள்.