பாதி ஏற்றம்

டயர் கடையில் வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் அவள் குனிந்து டயரின் அடியைப் பார்த்தாள். வேண்டுமென்று பார்க்கவில்லை, தொழில் புத்தி. அவளுடைய பிசியோதெரபி நிலையத்துக்கு முழங்கால் வலி, இடுப்பு வலி என்று யார் வந்தாலும், ஆளைப் படுக்க வைப்பதற்கு முன்னால் வாசலில் கிடக்கும் செருப்பைத் திருப்பிப் பார்த்துவிடுவாள். தினமும் நடக்கிறேன் என்று சத்தியம் பண்ணுகிறவரின் செருப்பு வாங்கிய மேனிக்கு அப்படியே இருக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பவருக்குக் குதிகால் அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். இதற்குப் பயந்தே புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வரும் நோயாளிகளும் உண்டு.

வண்டி கணவருடையது. மலை, காடு, ஆற்று மணல் எல்லாவற்றிலும் போகும் என்று சொல்லி விற்ற பெரிய வண்டி. மகள் அதற்கு யானை என்று பேர் வைத்திருந்தாள். யானை காலையில் அலுவலகம் போகும், சாயங்காலம் வீடு திரும்பும், சனிக்கிழமை விடியற்காலையில் வெளியூர் வேலைக்குப் போகும். அடுக்குமாடிகளின் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற வேலை அவருக்கு. வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடுகிற வண்டிக்கு டயர் எப்படி இவ்வளவு சீக்கிரம் போகும் என்று கிளம்பும்போதே கேட்டாள். டயர் மட்டமான சரக்கு என்று சொல்லி முடித்துவிட்டார்.

கடையில் மூன்று ரகம் எடுத்து வைத்திருந்தார்கள். தார் ரோட்டுக்கானது, சேற்றுக்கானது, இரண்டுக்கும் பொதுவான நடு ரகம். சேற்று டயர் தார் ரோட்டில் ஊளையிடும் என்று அதை முதலிலேயே தள்ளிவிட்டார்கள். நடு ரகத்தைக் கணவர் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை கட்டையாக வெட்டிய ரப்பர், கல் குத்தினாலும் தாங்கும் தடித்த பக்கவாட்டு. வாரக்கணக்காக வீட்டில் இதே பேச்சுதான். தாரை விட்டு இறங்காத வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கத்தான் அவள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வந்ததும் கேட்கவும் செய்தாள், கடைக்காரர் எதிரிலேயே. கணவர் டயரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் பின் டயரை நன்றாகப் பார்த்தாள். அது தேய்ந்த டயர் மாதிரியே இல்லை. எலி கடித்த மாதிரி விளிம்பெல்லாம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது, பக்கவாட்டில் கீறல்கள் வேறு. பள்ளங்களில் கற்கள் செருகிக்கிடந்தன. கொண்டையூசியை எடுத்து ஒன்றைக் கெல்லினாள். சுண்டைக்காய் அளவு சிவப்புக் கல். இன்னொன்றைக் கெல்லினாள், அதுவும் சிவப்பு. ஆபீஸ் போகிற வழியில் இந்த நிறத்தில் ஒரு பொட்டு மண் கிடையாது.

கல் அவள் உள்ளங்கையில் இருந்தது, மனசு எங்கெங்கோ போய்விட்டு வந்தது. சனிக்கிழமை விடியற்காலை. யார் வீடு? என்ன வேலை? சந்தேகப்பட அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தேகப்படாமலும் இருக்க முடியவில்லை. கடைக்காரர் கணினிப் பக்கம் நகர்ந்ததும் கணவரிடம் கையை நீட்டினாள்.

"இந்தச் செவப்புக் கல்லு எங்கங்க கெடக்கு?"

அவர் கல்லைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "பழைய கல்குவாரிப் பக்கம்."

"அங்க என்ன லிஃப்ட் இருக்கு?"

"ஏத்தம் இருக்கு," என்றார். "அந்த மலைப் பாதை மாதிரியே ஒரு ஏத்தம்."

எந்த மலைப் பாதை என்று கேட்க அவளுக்கு அவசியம் இருக்கவில்லை. போன வருடம் விடுமுறைக்குப் போன இடத்தில், செங்குத்தான மண் பாதையில் பாதி ஏறிய வண்டி நின்றுவிட்டது. வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை. அவர் கால்தான் பிரேக்கை விட்டு வர மறுத்தது. முன்கண்ணாடியில் பாதை மறைந்து வானம் மட்டும் தெரிந்ததும் உடம்பு விறைத்துவிட்டதாக அப்புறம் சொன்னார். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் ஏறி உட்கார்ந்து யானையைக் கீழே இறக்கிக் கொடுத்தார். ஊருக்கு வந்ததும் அவள் அதை ஒரு கதையாக்கிவிட்டாள். நாத்தனார் வீட்டில் சொன்னாள், தங்கை வீட்டில் நடித்தே காட்டினாள். ஊரையே மேலே ஏற்றுகிற மனுஷன் பாதியில் நின்றுவிட்டார் என்று அவளுடைய அண்ணன் சேர்த்துக்கொடுத்த வரிக்கு வீடே குலுங்கிச் சிரிக்கும். கணவரும்தான் சிரிப்பார். பால் வண்டிக்காரர் வரும் இடத்தில் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்துபோவார். எத்தனை தடவை எழுந்துபோயிருக்கிறார், ஒரு தடவைகூடத் தனக்கு உறைக்கவில்லையே என்று அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

"ஏறிட்டீங்களா?"

"பாதி வரைக்கும். அப்புறம் சக்கரம் வெறுமனே சுத்துது. இல்லன்னா நான் நிறுத்திடறேன்." அவர் தார் ரோட்டு டயரைக் காட்டினார். "நீ சொல்றதுதான் சரி. இதையே போட்டுக்கலாம். ஆபீசுக்குப் போக இது போதும்."

குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்த டயரை மாட்டிக்கொண்டு கிளம்பினால் சனிக்கிழமைகளோடு அந்த ஏற்றமும் முடிந்துபோகும், இந்த மனுஷன் வாழ்நாள் பூராவும் அந்தப் பாதியிலேயே நின்றுகொண்டிருப்பார். கடைக்காரரைக் கூப்பிட்டு, நடு ரகமே போடச் சொன்னாள்.

"நாலும் போட்டுடலாமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அஞ்சும் போடுங்க. கல்லுல போற வண்டி, ஸ்டெப்னியும் அதே மாதிரி இருக்கட்டும்."

புது டயரின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும், அது போகிறவரை பதமாக ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வழவழப்பு போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டுக் குவாரிக்குப் போனார்கள். தரையெல்லாம் அந்தச் சிவப்புக் கல்தான். ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி நின்று பார்க்கும்படி சொன்னார். அவள் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஒருவேள நின்னுட்டா?" என்றார்.

"நின்னா ரெண்டு பேரும் நிப்போம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் கியரை மாற்றினார். சக்கரங்களுக்கு அடியில் கற்கள் நொறுங்குவது கேட்டது. முன்கண்ணாடியில் இருந்த செம்மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி மறைந்தது, வண்டியின் மூக்கும் அதற்கு மேல் வானமும்தான் மிச்சம். பார்க்கிற எவருடைய காலையும் முதலில் பார்த்தே பழகியவள், பக்கத்தில் இருக்கும் காலைப் பார்த்துவிடக் கூடாது என்று அந்த வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.