ஜெயசித்ராவுக்கு ஒரு வாழ்த்து அட்டை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. டைப் அடிக்கக் கொடுத்த இடத்திலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் மாரிச்செல்விதான். ஆறு வருஷமாக என் கதைகளை அவள்தான் அடித்துத் தருகிறாள். ஒரு கதையைக்கூட நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

போன ஆவணியில் ஒருநாள் நான் கொடுத்த தாள்களை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு, “அக்கா, எனக்கு ஒரு கதை எழுதித் தருவியளா?” என்றாள்.

“ஒனக்கா? எதுக்குட்டி?”

“எனக்கில்ல. ஜெயசித்ரா படிக்கதுக்கு. நான் பாக்காமத்தான் ஒட்டுனேன்னு எழுதுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கா. அச்சுல வந்தா நம்புவா.”

அச்சில் வந்தால் நம்புவாள்! எழுதுகிறவளைக் கவிழ்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். அது என் முதல் தப்பு. (இதைப் பிறகு சேர்த்தேன்: இரண்டாவது தப்பு ஆறாம் பகுதியில் இருக்கிறது. அவசரப்பட்டு அங்கே போகாதீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“சாரல் காலத்தில் மேலகரத்தில் அப்பளம்கூட நமுத்துப்போகும். மனசு நமுத்துப்போவதில் என்ன…”

கோடு போட்டு அடித்துவிட்டேன். ஒருத்தி நிஜமாகவே அழுதுகொண்டிருக்கும்போது அப்பளத்தை இழுப்பானேன்?

இரண்டாவது தொடக்கம்:

“ஆலங்குளத்து மாப்பிள்ளை அருண்பாண்டிக்கு ராணுவத்தில் வேலை. ஜெயசித்ராவைப் பெண் பார்க்க வந்த அன்று…”

இதையும் அடித்தேன். இப்படித் தொடங்கினால் கதை அவனுடையதாகிவிடும். அவனுக்கு இங்கே ஒரு வரிதான் உண்டு. தை மாதக் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் போனில் கூப்பிட்டு, எனக்கு இஷ்டமில்லை என்றான். ஜெயசித்ராவின் அப்பா ஆறுமுகநயினார் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரையெல்லாம் கேள்வி கேட்டவர். அவர் கேட்ட ‘ஏன்’ என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

(ஒரு வரி என்றேன், மூன்றாகிவிட்டது. அவன் இல்லாத இடத்திலும் அவனே இடத்தை அடைத்துக்கொள்கிறான்.)

அதன் பிறகு ஜெயசித்ரா மேலகரத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்தவள்தான். பள்ளிக்கூடத்து டீச்சர் வேலைக்கும் போகவில்லை. ஆறு மாதம் அவள் கண்ட வெளியுலகம் மாடியில் துணி காயப்போடுகிற கொடி மட்டும்.

மூன்றாவது தொடக்கம்தான் நின்றது. அது பசையிலிருந்து தொடங்குகிறது.

3

மாரிச்செல்வி மைதாவைக் காய்ச்சித்தான் பசை எடுப்பாள். பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் சேர்ப்பாள். கடையில் விற்கிற பசை நன்றாக ஒட்டும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் வருஷத்துக்குப் பதினைந்து இருபது பேருக்குப் பரிசு கொடுக்கிறவளுக்கு அது கட்டுப்படியாகாது. பிறந்தநாள், வளைகாப்பு, புது வீடு, பரீட்சை பாஸ் என்று தோழிகளுக்கு ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். வெறுங்கையோடு போய் நிற்க அவளுக்குக் கூசும்.

நிறம் போன பிளாஸ்டிக் வளையலில் பட்டு நூலை நெருக்கமாகச் சுற்றிக் கல் ஒட்டினால் புது வளையல். வண்ணக் காகிதத்தை நாடா நாடாவாகக் கீறி, சுருட்டி, கிண்ணம் போலத் தள்ளி, மேலே நகப்பூச்சு பூசினால் ஜிமிக்கி. காதில் போட்டால் இருப்பதே தெரியாது, அத்தனை இலேசு.

அட்டைக்குத்தான் பாடு. வாழ்த்து அட்டைக்குக் கனமான காகிதம் வேண்டும். அதற்கு அவள் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் கடற்கரை அண்ணாச்சியிடம் போவாள். அங்கே மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகள் எடைக்குக் கிடைக்கும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுமை.

கல்யாணப் பத்திரிகையைக் கிழிக்கவோ வெட்டவோ கூடாது என்பார்கள். பொண்ணு மாப்பிள்ளை பெயர் மேல் கத்தி படுவது அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. மாரிச்செல்வி அதை நம்புகிறவள். அதனால் எதையும் வெட்டமாட்டாள். இரண்டு பத்திரிகைகளை எடுத்து, எழுத்து உள்ளே போகும்படி முகத்தோடு முகம் வைத்து முழுசாக ஒட்டிவிடுவாள். வெளியே இரு பக்கமும் வெள்ளையாகிவிடும். அதன்மேல் காகிதப் பூ, பாசிமணி, நாலு வரி வாழ்த்து. உள்ளே யாரோ இரண்டு பேர் ஒரு கீறல் இல்லாமல் பத்திரமாக இருப்பார்கள்.

“யாரு எவருன்னு படிக்கக்கூட மாட்டேங்க்கா. அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப்பாக்க மாதிரி இருக்கும். கவுத்துப் போட்டுத்தான் எடுப்பேன்.”

ஆனி மாதத்தில் ஜெயசித்ராவின் அம்மா, மச்சில் கிடந்த பத்திரிகைக் கட்டுகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டாள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது என்று. அந்தக் கட்டு கடற்கரை அண்ணாச்சி கடைக்கு வந்தது. அங்கிருந்து மாரிச்செல்வியிடம் வந்தது. ஆடியில் ஜெயசித்ராவின் பிறந்தநாள். அந்தக் கட்டிலிருந்து இரண்டை எடுத்து ஒட்டினாள். பெயரை அவள் பார்க்கவே இல்லை.*

* வெட்டுவதற்குப் பயப்படாத ஒருத்தியாக இருந்திருந்தால் அந்தப் பெயர்கள் என்றோ துண்டுதுண்டாகக் குப்பைக்குப் போயிருக்கும். பயபக்திதான் அவற்றைக் காப்பாற்றி வைத்தது. இதை எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

4

பிறந்தநாளன்று ஐந்தருவிக்குப் போனார்கள். மாரிச்செல்வி, ஜெயசித்ரா, மெஹர் பானு. மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். “அருவியப் பாத்துட்டு ஓடி வந்துருவோம், ஒருத்தரும் ஒன்னையப் பாக்க மாட்டாவ, எல்லாவனும் குளிக்கதுக்குத்தான் வந்திருப்பான்” என்று மூன்று நாள் கெஞ்சி மாரிச்செல்விதான் அவளை வெளியே கொண்டுவந்தாள்.

அருவியில் தண்ணீர் பெருகிக் கொட்டியதால் போலீஸ் குளிக்க விடவில்லை. எண்ணெய் தேய்த்தவர்கள் தேய்த்தபடி நின்றார்கள். இவர்கள் ஒரு கட்டைச்சுவரில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றார்கள். ஜெயசித்ரா, மாரிச்செல்வி பரிசாகக் கொடுத்த காகித ஜிமிக்கியைக் காதில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக் காட்டினாள். சிரித்தாள் என்று மெஹர் பானு எனக்குச் சொன்னாள். “பல்லு தெரியச் சிரிச்சாக்கா, சத்தியமா.”

அப்புறம் ஜெயசித்ரா பரிசோடு வந்த அட்டையை வெளியே எடுத்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது.

“ஏட்டி, உள்ள வைட்டி, நனையுது” என்றாள் மாரிச்செல்வி.

“இருட்டி, படிக்கேன்.”

படித்துக்கொண்டே ஓரத்தைப் பெருவிரலால் நெருடினாள். மைதாப் பசை ஈரத்துக்கு எத்தனை நேரம் தாங்கும்? ஒட்டியிருந்த இரண்டு பத்திரிகையும் வாய் பிளந்தன. உள்ளே பொன்னெழுத்தில் திருவளர்செல்வி ஜெயசித்ரா. பக்கத்தில் திருவளர்செல்வன் அருண்பாண்டி.

ஜெயசித்ரா அதை மாரிச்செல்விக்கு நேராகத் திருப்பிப் பிடித்தாள்.

“என்னட்டி இது?”

“ஜெயா… எனக்குத் தெரியாதுட்டி…”

“ஆறு மாசமா வீட்டுல கெடந்தேன். வா வான்னு கூட்டிட்டு வந்தது இதுக்கா?”

“எங்கம்மாவாண சொல்லுதேன்…”

“பாத்துப் பாத்துச் செஞ்சிருக்க. நல்லாயிருக்கு.”

ஜிமிக்கிகளைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தாள். எதையும் எறியவில்லை, கத்தவில்லை. நடந்துபோய் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். மாரிச்செல்வி பின்னாலேயே ஓடினாள். ஆட்டோ போய்விட்டது.

அன்று வீட்டுக்குள் போனவள் இப்போது மாடிக்குக்கூட வருவதில்லை.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். உங்களுக்கும் வந்திருக்கும். உயிர்த்தோழியின் கல்யாணப் பத்திரிகை மாரிச்செல்விக்கு வந்திருக்காதா? பார்த்ததும் காகிதத்தை அடையாளம் தெரியாதா?

கேட்டேன். “கடைசி வாரம் நேர்ல வந்து வைக்கேன்னு சொல்லியிருந்தா. அதுக்குள்ள நின்னுபோச்சுல்லா” என்றாள். சரியான பதில். நானே யோசித்து எழுதியிருந்தாலும் இவ்வளவு சரியாக வந்திருக்காது. அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

முடிவுக்கு மூன்று வைத்திருந்தேன்.

முதல் முடிவு: ஜெயசித்ரா இந்தக் கதையைப் படிக்கிறாள். ஜெராக்ஸ் கடைக்கு வருகிறாள். “கெட்டிக்காரி, பசையாவது ஒழுங்கா காய்ச்சக்கூடாதாட்டி?” என்கிறாள். இருவரும் அழுகிறார்கள். (எனக்கே கூச்சமாயிருக்கிறது.)

இரண்டாம் முடிவு: மாரிச்செல்வி மேலகரத்து வீட்டு வாசலில் நிற்கிறாள். ஆறுமுகநயினார் கதவைத் திறந்து, “ஏம்மா, இன்னும் என்ன மிச்சம் இருக்கு” என்று… (இது நடந்தேவிட்டது. இரண்டு தடவை. நடந்ததை முடிவாக வைக்க எனக்குத் தெம்பில்லை.)

மூன்றாம் முடிவு: ஒன்றும் நடப்பதில்லை. ஒருத்தி வீட்டுக்குள், ஒருத்தி கடையில். வருஷங்கள் போகின்றன.

மூன்றாவதுதான் நிஜம்போல இருந்தது. ஆனால் கேட்டவள் அதற்காகவா கேட்டாள்? முடிவை எழுதாமல், ஐந்து பகுதிகளை மட்டும் அவளிடமே டைப் அடிக்கக் கொடுத்தேன்.

6

இந்தப் பகுதியை மாரிச்செல்வி அடிக்கவில்லை. போனில் ஒரு விரலால் நானே தட்டியது. பிழை இருந்தால் என்னுடையது.

நாலு நாள் கழித்து அச்செடுத்த தாள்களைக் கொடுத்தாள். வழக்கம்போல ஒரு பிழை இல்லை. மூன்றாம் பகுதிக் கடைசியில் மட்டும் ஒரு வரிக்கு இடம் வெறுமையாக இருந்தது.

“இங்கன ஒரு வரி விட்டுப்போச்சே மாரி. ‘பெயரை அவள் பார்க்கவே இல்லை’ன்னு எழுதியிருந்தேனே.”

“தெரியும்க்கா. அடிக்க வரல.”

“கையெழுத்து புரியலையா?”

“புரியுது. கை ஓடல.”

கடையில் வேறு யாருமில்லை. அவள் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள்.

“பாத்தேங்க்கா. கவுத்துப் போட்டுத்தான் எடுத்தேன், அது நெசம். பசை தடவையில ஒண்ணு பெரண்டுபோச்சு. பேரு தெரிஞ்சுது. அவ பேரு. கையில வச்சுக்கிட்டு அப்படியே இருந்தேன்.”

“அப்பறமும் ஒட்டுனியா?”

“வேற எதுல ஒட்டச் சொல்லுதிய? மிச்சம் இருந்ததெல்லாம் தொட்டா மடங்குத தாளு. அது வெல்வெட்டு மாதிரி, ஓரமெல்லாம் தங்கக் கோடு. அவ அப்பா ஆசை ஆசையா அடிச்சது. அவளுக்குக் குடுக்க அதைவிட நல்ல அட்டை என் வாழ்க்கையில என்கிட்ட இருந்ததில்லக்கா. உள்ளதான இருக்கு, யாருக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சேன். ரெண்டு தடவ பசை தடவுனேன்.”

நல்லதாக ஒன்று கொடுக்க வேண்டும் என்ற ஆசை ஒருத்தியை இவ்வளவு தூரம் கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரியாது. அவள்மேல் கோபம் வந்தது; அதை மறைக்கவில்லை.

“இப்ப நான் என்னட்டி செய்ய?”

“நீங்க அந்த வரியக் கையால எழுதிச் சேத்துருங்க. பாக்கலன்னே இருக்கட்டும். என்னால அடிக்கத்தான் முடியல.”

எழுதிச் சேர்த்தேன். மூன்றாம் பகுதியில் நீங்கள் படித்தது என் கையால் சேர்த்த வரி. அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து, யாரும் கேட்காமல், இந்த ஆறாம் பகுதியையும் எழுதினேன். இதுதான் நான் சொன்ன இரண்டாவது தப்பு. நம்பி வாய் திறந்தவளை எழுதிவிட்டேன். எழுதாமல் இருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

7

மெஹர் பானு வந்திருக்கிறாள். ஜெயசித்ரா இன்னும் உள்ளே விடுகிற ஒரே ஆள் இவள்தான். கதையை இவள்தான் கொண்டுபோகப் போகிறாள்.

“குடுங்கக்கா, இப்பவே அங்கனதான் போறேன். சாப்பாட்டையும் ரூமுக்குள்ளயே வாங்கிக்கிடுதாளாம். அவங்கம்மா போனுல அழுதாவ.”

என் கையில் இரண்டு கட்டு இருக்கிறது. ஒன்றில் மாரிச்செல்வி அடித்த ஐந்து பகுதிகள் மட்டும், ஆறாவதைப் பற்றிய பேச்சே இல்லாமல். அதைப் படித்தால் ஜெயசித்ரா ஒருவேளை நம்பலாம். ஒருவேளை கதவைத் திறக்கலாம். திறந்தால், அந்த வரி பொய் என்று தெரிந்த ஒருத்தி அவள் எதிரே உட்கார்ந்து இனி ஆயுசு முழுக்கச் சிரித்துப் பேச வேண்டும். இன்னொன்றில் ஆறு பகுதிகளும் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால் மன்னிப்பாள் என்பீர்கள். நீங்கள் நல்லவர்கள், நாலு பேரோடு பழகுகிறவர்கள், அப்படித்தான் சொல்வீர்கள். ஆறு மாதத்துக்கு அப்புறம் ஒரே ஒரு நாள் வெளியே வந்தவளிடம், உன் தோழி தெரிந்தேதான் ஒட்டினாள் என்று நான் எப்படிச் சொல்லி அனுப்புவேன்?

இரண்டையுமே கொடுக்காமல் இருக்கலாம். அப்போது அந்த மூன்றாம் முடிவுதான் நடக்கும், அதை யாரும் எழுத வேண்டியதில்லை.

“என்னக்கா, ரெண்டு கட்டு வச்சிருக்கிய? எது?”

இந்தக் கதையில் இதுவரை எல்லாவற்றையும் நானே தீர்மானித்து நாசமாக்கியிருக்கிறேன். இதையாவது நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அவள் குடையை விரித்துவிட்டாள்.